ஆறுமுகம் பிள்ளை சொன்னது: ஆஷ் வழக்கு அப்ரூவர் வாக்குமூலத்தை எப்படிப் படிப்பது?

ஆஷ் கொலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் அடிக்கடி வருகிற ஒரு காட்சி உண்டு. ஒரு வீட்டுக்குள் சில பேர் கூடியிருக்கிறார்கள். காளி படம், விபூதி, பூ. குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளைக்காரன் ரத்தம் என்று சொல்லிக் கொடுக்க, எல்லோரும் குடிக்கிறார்கள். கட்டைவிரலைக் கீறிக் காகிதத்தில் ரத்தக் கைநாட்டு வைக்கிறார்கள். ஆளுக்கொரு புனைபெயர். நடத்தி வைக்கிறவர் நீலகண்ட பிரம்மச்சாரி.

படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கும். இது யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று மட்டும் பெரும்பாலும் எழுதியிருக்காது. சொன்னவர் ஒட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளை. அவருக்குத் துணையாக இன்னொரு அப்ரூவர் சோமசுந்தரம் பிள்ளை. சொன்ன இடம் அரசாங்கத்தின் முன்னால். சொன்னதற்குக் கிடைத்தது மன்னிப்பு.

அதனால் அது பொய் என்று சொல்ல வரவில்லை. அதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாம் அந்த வாக்குமூலத்தில் எதை நம்பலாமோ அதைத் துருவித் துருவிச் சந்தேகிக்கிறோம், எதைச் சந்தேகிக்க வேண்டுமோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். இதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நடந்தது சுருக்கமாக

தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசை முக்கியம். 1911 ஜூன் 17, காலை பத்தரை மணி கடந்த நேரம். மணியாச்சி சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் இருக்கிறார். குழந்தைகள் இருந்த கொடைக்கானலுக்குப் போகிற பயணம். தூத்துக்குடியிலிருந்து வருகிற வண்டிக்காகப் பெட்டி காத்து நிற்கிறது. செங்கோட்டை வாஞ்சி ஐயர், புனலூர் வனத்துறையில் வேலை பார்த்தவர், வயது 25, பெட்டிக்குள் வந்து சுடுகிறார். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். சட்டைப் பையில் தமிழில் எழுதிய ஒரு கடிதம்.

வாஞ்சி இறந்துவிட்டார். விசாரிக்க ஆள் இல்லை. கூட வந்ததாகச் சொல்லப்படும் மாடசாமி ஓடிப்போனவர்தான், கடைசிவரை அகப்படவில்லை. போலீஸ் கையில் இருந்தது ஒரு பிரேதம், ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கி, ஒரு கடிதம். வாஞ்சியின் வீட்டைச் சோதனை போட்டபோது கிடைத்த கடிதங்கள் வழியாக ஆறுமுகம் பிள்ளை வரை வந்தார்கள். அவர் பிடிபட்டு அப்ரூவர் ஆனார். அவர் வாக்குமூலத்திலிருந்து மற்றவர்கள் பெயர்கள் வரிசையாக விழுந்தன. தர்மராஜ ஐயர் விஷம் குடித்து இறந்தார். வெங்கடேஸ்வர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். மீதி 14 பேர் மேல் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதிகள் அய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் விசாரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல்களில் பிற்காலத்து ஆந்திர கேசரி பிரகாசமும் ஒருவர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. நீலகண்டனுக்கு 7 வருஷம், சங்கரகிருஷ்ணனுக்கு 4 வருஷம், இன்னும் சிலருக்கு அதைவிடக் குறைந்த தண்டனை. சங்கரன் நாயர் மற்ற இருவரோடும் முழுக்க ஒத்துப்போகவில்லை. வழக்கு மறுபடி ஐந்து நீதிபதிகள் முன் போனது, அங்கேயும் ஒருமித்த கருத்து வரவில்லை.

அந்த வேறுபாடு பெரும்பாலும் அரசியல் வேறுபாடாகவே நம் கட்டுரைகளில் வரும். வெள்ளைக்கார நீதிபதி ஒரு பக்கம், இந்திய நீதிபதி ஒரு பக்கம் என்று. அதுவும் இருந்திருக்கலாம். ஆனால் தாள்களில் இருக்கிற சண்டை வேறு. அப்ரூவர் சொன்னதை எந்த அளவுக்கு நம்புவது, அதற்கு எது ஆதாரம் ஆகும் என்கிற சண்டை அது.

வாக்குமூலம் யாரிடம்?

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாமல் இருந்தது. அடித்து வாங்குவார்கள் என்பது சட்டம் எழுதின வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் என்கிற ஏற்பாடு. அதற்கு மேல் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 337ஆவது பிரிவு. குற்றத்தில் பங்குள்ள ஒருவர் தெரிந்த அத்தனையையும் மறைக்காமல் சொன்னால் மன்னிப்பு. அவர்தான் அப்ரூவர்.

இந்த 'மறைக்காமல்' என்கிற சொல்லை நிறுத்திப் படிக்கணும். அவர் முழுக்கச் சொல்லிவிட்டாரா இல்லையா என்று முடிவு பண்ணுவது யார்? அரசுத் தரப்பு. மறைத்தார் என்று தோன்றினால் மன்னிப்பு போய்விடும், அவரே குற்றவாளிக் கூண்டில் ஏறணும். ஆக, சொல்கிறவரின் தலைக்கு மேல் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்: 'இவ்வளவுதானா?' இன்னும் ஒரு பெயர் சொன்னால் பாதுகாப்பு கூடும். ஒரு பெயர் குறைந்தால் ஆபத்து.

சட்டத்துக்கும் இது தெரியும். 133ஆவது பிரிவு, கூட்டாளியின் சாட்சியம் மட்டும் இருந்தாலும் தண்டனை கொடுப்பது சட்டவிரோதம் இல்லை என்றது. 114ஆவது பிரிவின் ஓர் உதாரணம், முக்கியமான விஷயங்களில் வேறு ஆதாரம் இல்லாவிட்டால் கூட்டாளியின் பேச்சு நம்பத்தக்கதல்ல என்று நீதிமன்றம் கருதலாம் என்றது. ஒன்று கதவைத் திறந்தது, இன்னொன்று வாசலில் காவலுக்கு நின்றது. ஆஷ் வழக்கு முழுக்க இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில்தான் நடந்தது.

திருநகரி ஏடும் அப்ரூவர் வாக்கும்

எங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் சொன்னால் இது விளங்கும்.

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். லக்ஷ்மண கவிராயர் வீட்டு ஏடுகளைத் தேடிக் கிடைக்காமல், கடைசியில் அவருடைய மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து ஏடு வந்தது. நிலா வெளிச்சத்தில் பார்த்து ஐயர் பூரித்துப் போனார். 1889இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. இதை எங்க ஊர்ல பெருமையா நிறைய பேர் சொல்லுவாங்க.

ஏன் அவர் ஊர் ஊராக அலைந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். கையில் ஏற்கெனவே ஏடு இருந்ததே! ஒரு ஏட்டில் பிழை இருக்கும், சிதைவு இருக்கும். இன்னொரு ஏட்டோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆனால் அந்த இன்னொரு ஏடு முதல் ஏட்டைப் பார்த்துப் படி எடுத்ததாக இருந்தால்? பத்து ஏடு இருந்தாலும் ஒரு ஏடுதான். மூல ஏட்டில் உள்ள பிழை பத்திலும் அப்படியே இருக்கும். பத்திலும் இருக்கிறது என்பதாலேயே சரியான பாடம் மாதிரித் தோன்றும். தொடர்பில்லாத வேறொரு வழியில் வந்த ஏடு ஒன்று கிடைத்தால், அந்த ஒன்றுக்கே அந்தப் பத்தைவிட மதிப்பு அதிகம்.

ஆஷ் வழக்கில் விவாதிக்கப்பட்ட கேள்விகளில் ஒன்று இதேதான். ஆறுமுகம் பிள்ளை கோர்ட்டில் சொன்னதற்கு, அவரே முன்பு அதிகாரிகளிடம் சொன்னதை ஆதாரமாக வைக்கலாமா? சாட்சியச் சட்டத்தின் 157ஆவது பிரிவு, விசாரிக்க அதிகாரம் உள்ளவர் முன் ஒரு சாட்சி முன்பு சொன்னதைப் பிற்பாடு சொன்னதற்குத் துணையாகக் காட்டலாம் என்றது. எழுத்துப்படி பார்த்தால் அப்ரூவருக்கும் அது பொருந்தும். ஆனால் அதில் வருகிற பலன் என்ன? ஒரே ஆள் இரண்டு தடவை சொன்னார் என்பதுதான். முதலில் சொன்ன அன்றே மன்னிப்பு ஆசை இருந்திருந்தால் இரண்டாவது தடவையும் அதே ஆசை. மூல ஏடும் படியும்.

இந்த வழக்கு சட்டத் தொகுப்புகளில் முத்துக்குமாரசாமி பிள்ளை வழக்கு என்ற பெயரில் இருக்கிறது. வாஞ்சி பெயரிலும் இல்லை, நீலகண்டன் பெயரிலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஆஷ் கொலையைப் பற்றிப் பேசுகிற நம்மவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. வக்கீல்கள் அதை மேற்கோள் காட்டுவார்கள், அது மணியாச்சி வழக்கு என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது.

முன்பு சொன்ன வாக்குமூலத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா? உண்டு. பழைய ஏடு எப்போதும் மதிப்புள்ளதுதான். முதலில் ஐந்து பெயர் சொன்னவர் பிறகு பத்துப் பெயர் சொல்கிறார் என்றால், கதை நடுவில் வளர்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். வளரவில்லை என்றால் அதையும் காட்டும். ஒரு சாட்சியை இரண்டு சாட்சி ஆக்குகிற வேலையை மட்டும் அதனால் செய்ய முடியாது.

அப்போ சோமசுந்தரம் பிள்ளை? அவர் இரண்டாவது ஆள்தானே? ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளிக்கு ஆதாரம் ஆகமாட்டான் என்பது பழைய சட்ட மரபு. ஏட்டுக் கணக்கில் கேட்டால், இரண்டாவது ஏடு எழுதப்பட்டபோது முதல் ஏடு பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. ஒரே விசாரணை, ஒரே அதிகாரிகள், ஒரே கேள்விகள் என்றால் இரண்டாமவர் தம் நினைவிலிருந்து சொன்னது எது, கேள்வியிலிருந்து எடுத்துச் சொன்னது எது என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை.

இந்தப் படி எடுக்கிற வேலை கோர்ட்டோடு முடியவில்லை. வாக்குமூலத்திலிருந்து தீர்ப்புக்குப் போனது. தீர்ப்பிலிருந்து 1918இல் வந்த ரௌலட் கமிட்டி அறிக்கைக்குப் போனது. அங்கிருந்து தமிழ்ப் புத்தகங்களுக்கு, புத்தகங்களிலிருந்து வார இதழ்களுக்கு, மேடைப் பேச்சுக்கு. அதோடு ஒட்டப்பிடாரத்துத் தமிழில் பேசியது உயர் நீதிமன்றத்தில் இங்கிலீஷில் பதிவாகி, மறுபடி நம் ஆட்கள் கையால் தமிழாகி வருகிறது. குங்குமத் தண்ணீர்க் காட்சியில் இன்று நாம் படிக்கிற ஒரு சொல்லாவது ஆறுமுகம் பிள்ளை வாயிலிருந்து வந்த சொல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 'எல்லா நூல்களும் ஒரே மாதிரி சொல்கின்றன' என்று யாராவது எழுதினால், எல்லாம் ஒரே ஏட்டின் படி என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கதை வேறு, பெயர் வேறு

திருநெல்வேலியில் வக்கீல் குமாஸ்தாவாக ரொம்ப காலம் இருந்த ஒரு பெரியவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"எடே, அப்ரூவர் சொல்லுத கதை பெரும்பாலும் நெசமாத்தான் இருக்கும். வில்லங்கம் பூரா பேருலதான்."

"அதெப்படி அண்ணாச்சி?"

"கதையச் சொல்லணும்னா அவன் அங்க இருந்திருக்கணும். பேரச் சொல்லணும்னா போலீசுக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும்லா."

1949இல் பூபோனி சாகு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் பக்கம் பக்கமாக எழுதினதும் ஏறக்குறைய இதைத்தான். குற்றத்தில் கலந்துகொண்ட ஆளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். அவர் சொல்கிற விவரங்கள் சரியாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த உண்மையான கதைக்குள் நிரபராதி ஒருவர் பெயரைச் செருகுவது அவருக்கு ரொம்ப எளிது. கதையின் விவரங்களைச் சரிபார்த்து 'பாத்தியா, எல்லாம் பொருந்துது' என்று திருப்திப்பட்டால், செருகின பெயரும் சேர்ந்து பொருந்திவிடும். 1916இல் இங்கிலாந்தில் பாஸ்கர்வில் வழக்கு சொன்னதும் அதே விதி. குற்றம் நடந்தது என்பதற்கு ஆதாரம் போதாது, இந்த ஆள் அதில் இருந்தார் என்பதற்குத் தனியான ஆதாரம் வேண்டும்.

இதை வைத்துக் குங்குமத் தண்ணீர்க் காட்சியைப் பாருங்கள். இப்படிப்பட்ட சத்தியப் பிரமாணம் அந்த வட்டாரத்தில் புழங்கியதற்கு அப்ரூவரைச் சாராத தடயம் உண்டா? உண்டு. 'ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்' என்றும், அபிநவ பாரத சமாஜத்தில் சேருவதற்கான பிரமாணம் என்றும் இரண்டு துண்டுப் பிரசுரங்கள் அந்தக் காலத்தில் சுற்றின. பரங்கியை அழிக்கும் அச்சகத்தில் அச்சிட்டது என்று துணிச்சலாகப் போட்டிருந்தார்கள். சங்கத்தில் சேர ஒரு பிரமாணம், அதற்கு ஒரு வாசகம் என்கிற பழக்கம் இருந்தது என்பதற்கு இவை வேறு வழியில் வந்த ஏடுகள். வங்காளத்து ரகசியச் சங்கங்களிலும் காளியின் முன் பிரமாணம் செய்கிற வழக்கம் இருந்தது. ஆகவே சடங்கு நடந்திருக்கும் என்று நம்ப எனக்குத் தடை இல்லை.

ஆனால் அந்தத் துண்டுப் பிரசுரங்கள், குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு வீட்டில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லாது. அதைச் சொல்கிறவர் அப்ரூவர் மட்டும். ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு வாத்தியார், ஒரு குமாஸ்தா அந்த அறையில் இருந்தாரா இல்லையா என்பதில்தான் அவர் ஜெயிலுக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் இருந்தது. நம் எழுத்தாளர்கள் சடங்கைப் பற்றி 'இப்படியெல்லாம் நடந்திருக்குமா, போலீஸ் ஜோடனையாக இருக்குமோ' என்று சந்தேகப்படுவார்கள். அடுத்த பத்தியிலேயே 'இதில் கலந்துகொண்டோர்' என்று பெயர்ப் பட்டியலை ஒரு கேள்வியும் இல்லாமல் போடுவார்கள். தலைகீழாக இருக்கிறது.

பட்டியலில் பெயர் இருப்பது இன்றைக்குப் பெருமை என்பதால் யாரும் கேட்பதில்லை. தியாகி என்று சிலை வைக்கிற பட்டியல், அன்றைக்குத் தண்டிக்கிற பட்டியலாக இருந்தது. விலை மாறியதால் ஆதாரத்தின் தரம் கூடிவிடாது.

பையில் இருந்த கடிதம்

இந்த வழக்கில் அதிகாரிகளை நோக்கி எழுதப்பட்ட இன்னொரு வாக்குமூலம் உண்டு. வாஞ்சியின் கடிதம்தான். போலீஸ் கேட்கும் முன், மன்னிப்பு என்ற பேச்சு வரும் முன், சாகப் போகிறவன் எழுதினது. அப்ரூவர் வாக்குமூலத்துக்கு வைக்கிற சந்தேகம் எதுவும் இதற்குப் பொருந்தாது. இது வேறு வழியில் வந்த ஏடு.

ஆனால் இதையும் பலர் எழுதியிருக்கிறபடி படிப்பதில்லை. வ.உ.சி.யை ஜெயிலில் அடைத்ததற்கும் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதற்கும் பழி என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். 1908இல் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ஆஷ் என்பதால் அந்த விளக்கம் பொருந்தவும் செய்கிறது. கடிதத்தில் அது இல்லை. ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுதான் இருக்கிறது. லண்டனில் முடிசூட்டு விழா 1911 ஜூன் 22. கொலை நடந்தது அதற்கு ஐந்து நாள் முன்னால். மிலேச்சர், சனாதன தர்மம் என்ற சொற்கள் இருக்கின்றன. அவை பிடிக்காதவர்கள் அதை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள், பிடித்தவர்கள் வேறு வரியை எடுத்துக்கொள்கிறார்கள். கழிவறையில் இறந்த ஒருவர் எழுதிவைத்ததை முழுசாகப் படிப்பது ஒரு குறைந்தபட்ச மரியாதை.

அதே கடிதம் மன்னர் இங்கே கால் வைத்தால் கொல்வதாக 3,000 பேர் சபதம் எடுத்திருப்பதாகவும் சொல்கிறது. அரசாங்கம் வலைவீசித் தேடிக் கூண்டில் ஏற்றினது 14 பேரை. வாஞ்சி பொய் சொன்னார் என்று இதற்கு அர்த்தம் பண்ண வேண்டியதில்லை. அவர் அதை எழுதியது அரசாங்கம் படிக்கட்டும் என்று. பயப்படட்டும் என்று. கட்டாயம் இல்லாமல் எழுதின வாக்குமூலமும் ஒருவரைப் பார்த்துத்தான் பேசும். ஆறுமுகம் பிள்ளை பேசியதும் அரசாங்கத்தைப் பார்த்துத்தான், நம்பட்டும் என்று. வாஞ்சி எண்ணிக்கையைக் கூட்டினது போல, ஆறுமுகம் பிள்ளைக்கும் கூட்டவோ குறைக்கவோ காரணம் இருந்தது.

செத்துப்போன இருவரை என்ன செய்வது? தர்மராஜ ஐயரும் வெங்கடேஸ்வர ஐயரும் தற்கொலை செய்துகொண்டதை, அப்ரூவர் சொன்னது உண்மை என்பதற்கு அத்தாட்சி மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. குற்றம் இல்லாவிட்டால் ஏன் சாகணும் என்று. எனக்கு அது பொருந்தவில்லை. 1911இல் ராஜத்துரோக வழக்கில் போலீஸ் தேடி வருகிறது என்றால் எதற்குப் பயப்படுவது என்று பட்டியல் போடத் தேவையில்லை. குற்றம் செய்தவரும் பயப்படுவார், செய்யாதவரும் பயப்படுவார். இன்னொருத்தர் பெயரைத் தன் வாயால் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுகிறவரும் உண்டு. அந்த இரண்டு மரணங்களும் இதில் எதற்கும் சாட்சியாக வராது. வாக்குமூலம் ஒன்றின் முன் மனுஷன் எப்படி நின்றான் என்பதற்கு மட்டும்தான் அவை சாட்சி.

துரோகி என்கிற சொல்

ஆறுமுகம் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் 'காட்டிக் கொடுத்தவர்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு முரண் இருக்கிறது. காட்டிக் கொடுத்தவர் என்றால் அவர் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொள்கிறோம். அவர் சொன்னது போலீஸ் ஜோடனை என்றால் அவர் காட்டிக் கொடுத்தவர் ஆகமாட்டார், ஜோடனைக்கு ஆளானவர். ஒரே கட்டுரையில் இரண்டையும் எழுதுகிறார்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும், இல்லாவிட்டால் எந்தப் பகுதி எது என்று பிரித்துச் சொல்லணும்.

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் நரேன் கோசைன் அப்ரூவர் ஆனார். 1908 ஆகஸ்டு 31இல் ஜெயிலுக்குள்ளேயே கனைலால் தத்தாவும் சத்தியேந்திரநாத் போஸும் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு அவர் வரவே இல்லை, அவர் சொன்னதன் பலமும் அவரோடு போனது. நம் வழக்கில் அப்ரூவர்கள் உயிரோடு கூண்டில் ஏறினார்கள், வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் வாக்குமூலத்தைவிட நமக்குப் பயன்படுபவை. எந்தக் கேள்வியில் தடுமாறினார், எதை விட்டுக்கொடுத்தார், எதில் அசையாமல் நின்றார் என்று பார்க்கலாம். 1605இல் இங்கிலாந்தில் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸின் வாக்குமூலத்தில், சித்திரவதைக்குப் பின் போட்ட கையெழுத்து தள்ளாடிச் சிதைந்து கிடக்கும். அந்தக் கிறுக்கலே வாக்குமூலத்துக்கு உரை எழுதிவிட்டது. நமக்கு அப்படி ஒன்று கிடைக்கும் இடம் குறுக்கு விசாரணைதான்.

மறுபக்கம் நீலகண்ட பிரம்மச்சாரி. 7 வருஷத் தண்டனை முடிந்து வந்து, மறுபடி சிறை சென்று, பிறகு அரசியலை விட்டுக் கர்நாடகத்து நந்தி மலையில் ஓம்கார் சுவாமியாக இருந்து 1978இல் காலமானார். ஆஷ் கொலையில் தமக்குப் பங்கில்லை, தனிமனிதக் கொலை தம் வழியல்ல என்பதே அவர் நிலை. இதை அப்படியே ஏற்கிறவர்களும் உண்டு, அப்ரூவர் சொன்னதை வைத்து மறுக்கிறவர்களும் உண்டு. துறவி சொன்னார் என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க முடியாது. இதுவும் ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்ன சாட்சியம். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். கொலையைத் தூண்டி நடத்தியவர் என்று நீதிமன்றம் முழுக்க நம்பியிருந்தால் 7 வருஷத்தோடு விட்டிருக்காது. சதிக்கும் கொலைக்கும் நடுவில் அப்ரூவர் கட்டிய பாலத்தின் மேல் அந்த நீதிபதிகளே முழுப் பாரத்தையும் ஏற்றவில்லை. நாம் ஏன் ஏற்றுகிறோம்?

எப்படி எழுதலாம்?

எதையும் நம்ப முடியாது என்று கையை விரிப்பது எனக்குச் சம்மதம் இல்லை. அப்ரூவர் வாக்கை ஒதுக்கினால் ரகசியச் சங்கங்களின் வரலாறே எழுத முடியாது. ரகசியம் காத்தவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, பேசினவர்கள் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. ஆ. சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் ஆவணங்களைத் தேடிப் போய் எழுதியதால்தான் இந்த அளவாவது கேள்வி கேட்க முடிகிறது.

நான் ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று விஷயம் பார்க்கிறேன். ஒன்று, அப்ரூவர் வாய் திறக்கும் முன்பே போலீசுக்கு இது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்துக்குத் தனி மதிப்பு இல்லை. இரண்டு, இதைச் சொன்னதால் அவருக்கு லாபமா நஷ்டமா? வழக்குக்குத் தேவையே இல்லாத, யாரையும் மாட்டிவிடாத ஒரு விவரத்தை ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் நினைவிலிருந்து வந்ததாக இருக்கும். மூன்று, அவரைச் சாராத தடயம் இருந்தால், அது சம்பவத்தைக் காட்டுகிறதா, ஆளைக் காட்டுகிறதா?

இந்த மூன்றையும் வைத்து எழுதினால் அந்தப் பிரபலமான காட்சி இப்படி இருக்கும்: 'சங்கத்தில் சேருகிறவர்கள் காளி படத்தின் முன் குங்குமத் தண்ணீர் குடித்து, விரலைக் கீறிக் கைநாட்டு வைத்ததாக அப்ரூவர்கள் சாட்சியம் அளித்தார்கள். இத்தகைய பிரமாணம் புழக்கத்தில் இருந்ததைக் கைப்பற்றிய துண்டுப் பிரசுரங்களும் காட்டுகின்றன. இன்னார் இன்னார் அங்கே இருந்தார்கள் என்பதற்கு ஆறுமுகம் பிள்ளையின் வாக்கே அடிப்படை. அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதில் நீதிபதிகளே பிரிந்து நின்றார்கள்.'

விறுவிறுப்பு குறைவுதான். ஆனால் 14 பேரில் சிலர் விடுதலை ஆனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெயரும் இன்று 'கலந்துகொண்டோர்' பட்டியலில் மற்றவர்களோடு சேர்ந்தே அச்சாகிறது. கோர்ட் விட்டுவிட்டவர்களை நாம் புத்தகத்தில் பிடித்து வைத்திருக்கிறோம், அதுவும் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'விடுதலை செய்யப்பட்டார்' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். மறுபதிப்பு போடுகிறவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.